ஆமென் மட்டும்

மக்களே,

இன்று காலை நம் முற்றத்தில் ஒரு புதிய கான்கிரீட் மிக்சர் வந்து இறங்கியது. மஞ்சள் நிறம். அதன் வயிற்றில் சிவப்பு எழுத்தில் உன் பெயர், அதற்குக் கீழே கொஞ்சம் சின்னதாக 'கன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு காலமும் தாத்தாவின் பெயரில் இருந்த கம்பெனி இனிமேல் உன் பெயரில் நடக்கும். நீ ஒன்றாம் வகுப்பில் படிக்கிறாய். எழுத்துக் கூட்டி உன் பெயரை வாசித்துவிட்டு, இரும்பை இரண்டு தட்டுத் தட்டி, "இது எனக்கா?" என்று கேட்டாய். தொண்டையில் ஆபரேஷன் செய்திருப்பதால் தாத்தாவால் பேச முடியாது. அவர் தலையை ஆட்டினார், கண் கலங்கியிருந்தது. உன் அப்பா போட்டோ எடுத்தார். எனக்கு மட்டும் பயமாக இருந்தது. ஆறு வயதுப் பிள்ளையின் பெயரை ஒரு இயந்திரத்தில் எழுதியாகிவிட்டது. அந்தப் பெயருக்குக் கீழே நின்று பதினைந்து பேர் வேலை செய்யப் போகிறார்கள். அது என்ன மாதிரிப் பெயராக இருக்கப்போகிறது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் யோசித்தேன். நான் எதற்கும் முன்கூட்டியே பயப்படுகிறவள் என்பது இதை வாசிக்கிற வயதில் உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். லாரி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டாலே உன் கையைப் பிடித்து இழுக்கிறவள். ஆனால் இந்த பயம் லாரியைப் பற்றியது இல்லை.

நீ வளர்ந்தபிறகு வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். அப்போது உனக்கு மீசை முளைத்திருக்கும், என் பேச்சைத் தட்டும் வயதும் வந்திருக்கும். தட்டினால் பரவாயில்லை, வாசித்துவிட்டுத் தட்டு. நம்மைப்போல வீட்டு முற்றத்தில் ஆட்களைக் கூட்டி வேலை வாங்குகிற மற்றவர்கள் கண்ணில் பட்டாலும் நல்லதுதான். ஒளித்துவைக்க இதில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டியது. எழுதாமல் தள்ளிப்போட்டதும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

நம் வீட்டில் காலை ஏழு மணிக்கு நடக்கும் ஜெபத்தை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். கொத்தனார்கள், கம்பி கட்டுகிறவர்கள், கலவைச் சட்டி சுமக்கும் பெண்கள் எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு முற்றத்தில் நிற்பார்கள். நம் சபைக்காரர்கள் மட்டும் இல்லை. நெற்றியில் நாமம் இட்ட தாஸ் அண்ணன் அய்யாவழிக்காரர், அவரும் நிற்பார். "நமக்கு ரெண்டு சாமி, ஒரே கூலி" என்று சிரிப்பார். தாத்தா கண்ணை மூடி ஒவ்வொருவருடைய பெயரையும் சொல்லி ஜெபிப்பார். "எங்க தாஸுக்க முட்டுவலிய மாத்தும் ஆண்டவரே. ஸ்டெல்லாக்க மவளைப் பரீட்சையில நினைச்சருளும்." கல்யாணமாகி வந்த முதல் வாரம் என் பெயரும் அதில் வந்தது. "எங்க வீட்டுக்கு வந்த பிள்ளை, அதுக்க மனசுல ஒரு சங்கடமும் வராமக் காத்துக்கொள்ளும்." நாகர்கோவிலில் என் அப்பாகூட எனக்காக அப்படி ஜெபித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டே அழுதேன். இவ்வளவு நல்ல முதலாளி யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்தேன்.

அந்த ஜெபத்துக்குள்ளே இன்னொரு காரியம் நடக்கிறது என்று புரிவதற்கு எனக்குச் சில மாதங்கள் ஆயின. பெயர் வந்தவருக்கு அன்று வேலை உண்டு. பெயர் வராதவருக்கு இல்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜெபம் முடியும், எல்லாரும் ஆமென் சொல்வார்கள். பெயர் வராதவர் குனிந்து தன் தூக்கை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விடுவார். மற்றவர்கள் வண்டியில் ஏறுவார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. கருங்கல் ஊர்ச் சாயாக்கடையில் நம் ஆட்களுக்குள் ஒரு பேச்சே உண்டு. "இண்ணைக்கு ஜெபத்தில வந்தியா?" என்று ஒருவர் கேட்பார். "எங்க வந்தேன், ஆமென் மட்டும்தான் கெடச்சுது" என்பார் மற்றவர். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருவர் பெயர் ஏன் விடுபட்டது என்று அவருக்கே தெரியாது. மழையால் வேலை குறைந்திருக்கலாம். முந்தின நாள் தாமதமாக வந்திருக்கலாம். ஏதாவது எதிர்த்துச் சொல்லியிருக்கலாம். யாரிடம் போய்க் கேட்பது? ஒருத்தர் கண்ணை மூடி ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது 'என்னை ஏன் சேர்க்கவில்லை' என்று குறுக்கே பேச முடியுமா? போதாததற்கு எல்லாரும் தாத்தாவை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாமாவிடம் கணக்குப் பேசுகிறவர்கள் நம் பக்கத்தில் யார்?

தாத்தாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை மக்களே. இந்த வழக்கம் ஒரு நல்ல மனதிலிருந்து வந்தது, அதுதான் எனக்கு அதிக வேதனை. அவர் இளவயதில் கொத்தனாராக இருந்தபோது ஒரு காண்ட்ராக்டர் அவருடைய கரண்டியைப் பிடுங்கி ரோட்டில் எறிந்து, "நாளைக்கு வராண்டாம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். பார்த்துக்கொண்டு நின்றவர்களில் பாட்டியின் தம்பியும் ஒருவர். கரண்டியைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு நடந்தாராம் தாத்தா. தனக்கென்று நாலு ஆள் வந்தபோது, எவனையும் இன்னொருத்தன் முன்னால் குறைக்கக் கூடாது என்று முடிவு செய்தார். திட்டக் கூடாது, போ என்று சொல்லக் கூடாது. அப்படி வந்ததுதான் இது. ஒருமுறை நான் உன் அப்பாவிடம், இது கொஞ்சம் கொடுமையாக இல்லையா என்று கேட்டேன். "மொகத்துக்கு நேரே இல்லன்னு சொல்லியதைவிட இது மரியாதைதானே?" என்றார். உன் அப்பா யாரையும் நோகடிக்காதவர், தன் அப்பாவை முக்கியமாக. நானும் அதற்குமேல் பேசவில்லை.

ஸ்டெல்லா மாமியை உனக்கு ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை. இப்போது நீ அவர் பெயரைத் தினமும் சொல்கிறாய், ஆனால் பிள்ளைகளின் ஞாபகம் பெரியவர்களாகும்போது எங்கே போகிறதோ யாருக்குத் தெரியும். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நம்மிடம் சட்டி சுமந்தவர். தளம் வார்க்கும் நாளில் பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிச் சட்டியை மேலே அனுப்புவார்கள். ஸ்டெல்லா அக்கா நிற்கிற இடத்தில் மட்டும் சிரிப்புச் சத்தம் கேட்கும். நீ முதன்முதலாக வெளியில் நடந்தது அவர் கையைப் பிடித்துத்தான், நம் முற்றத்து ஜல்லிக் குவியலுக்கும் வாசற்படிக்கும் நடுவில்.

இந்த வருஷம் இனயம் ஊரில் ஒரு வீடு கட்டும் வேலை எடுத்தோம். வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். மனைவி பக்கத்துப் பழைய வீட்டில் தங்கி வேலையைப் பார்த்துக்கொள்கிறார். கடலுக்குப் பக்கத்தில் வெட்டவெளி. நான் என்ஜினியரிங் படித்தவள் என்பதால் பிளான் என்னுடையது, வாரத்தில் இரண்டு நாள் சைட்டுக்கும் போவேன். அங்கே ஒரு மத்தியானம் ஸ்டெல்லா அக்கா, வீட்டுச் சின்னப்பெண்ணைக் கூப்பிடுவதுபோல 'கொச்சே' என்று என்னைத் தனியாக அழைத்தார்.

"கொச்சே, இங்க எங்களுக்கு ஒதுங்க எடமில்ல, கேட்டியா? நம்ம பக்கம்னா ரப்பர் தோட்டம் உண்டு, வாழை உண்டு. இங்க திரும்பின பக்கமெல்லாம் மணலும் கடலுமாக்கும். கடல்ல எறங்கிப் போயிட்டு வர நான் என்ன நெய்மீனா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலத்தே கஞ்சி குடிச்சா பொறவு வெள்ளம் குடிக்க மாட்டோம். நாக்கை மட்டும் நனைப்போம். வயசுப்பிள்ளை ஒண்ணும் கூட உண்டு, அதுக்க பாடு இன்னும் கஷ்டம்" என்றார்.

"மாமாகிட்ட சொல்லுகேன் அக்கா."

"நீ சொல்லுவ. ஒனக்கு அந்த வீட்டுக்காரி கதவைத் தொறந்து தருவா. எங்களுக்குத் தொறப்பாளா? காலெல்லாம் சிமெண்டு."

அது உண்மை. சைட்டுக்குப் போகிற நாளெல்லாம் நான் அந்த வீட்டுக் குளியலறையைத்தான் பயன்படுத்தினேன். அந்த அம்மா துவாலைகூட எடுத்துத் தருவார். வருஷத்தில் ஒரு மாதம் வந்து தங்கப்போகிறவருக்கு நான்கு குளியலறை வைத்துப் பிளான் வரைந்தவள் நான். அதைக் கட்டுகிற பெண்களுக்கு ஒரு தகர மறைப்பு வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றவைத்த பிறகும் நான் சொல்லவில்லை. காரணம் கேட்டால் நீ சிரிப்பாய். மாமனாரிடம் கக்கூஸைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கூச்சமாக இருந்தது. ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்திருந்தால் மேலதிகாரிக்கு இரண்டு வரி மெயில் அனுப்பியிருப்பேன். இங்கே மேலதிகாரி சாப்பிட உட்காரும்போது நான்தான் மீன்குழம்பு ஊற்றுகிறேன். நாளைக்குச் சொல்லலாம், பாட்டி மூலமாகச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். குடும்பமாக நடத்துகிற தொழிலில் பாதி வேலைகள் இப்படித்தான் கிடக்கின்றன, யார் வாயும் திறக்காமல்.

அந்தச் சமயத்தில்தான் தாத்தாவுக்குத் தொண்டையில் சதை வளர்ந்து, திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சில வாரங்களுக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை, முற்றத்தில் ஆட்கள் வந்து நின்றபோது, தாத்தா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். உன் அப்பாவை இல்லை, என்னை. அப்பா ஜெபத்தில் நாலு வாக்கியத்துக்கு மேல் போக மாட்டார் என்பது காரணமாக இருக்கலாம். இனி நான்தான் ஜெபிக்க வேண்டும். முதல் சில நாள் எல்லார் பெயரையும் சொன்னேன். வேலை போதாத நாளிலும் சொன்னேன். அத்தனை பேரையும் அனுப்பி வைத்துவிட்டு உன் அப்பாவிடம் பேச்சு வாங்கினேன். நான் வித்தியாசமானவள் என்று எனக்குள் ஒரு பெருமை.

பிறகு மழை பிடித்தது. தக்கலையில் எடுத்திருந்த வேலை நின்றது. பாதிப் பேருக்குத்தான் வேலை. மீதிப் பேரிடம் எழுந்துபோய், 'அண்ணே, இன்றைக்கு உங்களுக்கு இல்லை' என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அல்லது கண்ணை மூட வேண்டும். நான் கண்ணை மூடினேன். மக்களே, அது எவ்வளவு சுலபம் என்று உனக்கு எப்படிச் சொல்வேன்! ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்குப் போகும்போது நடுவில் ஒன்றைத் தாண்டினால் போதும். கண்ணைத் திறக்கும்போது அவர்கள் கேட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருப்பார்கள். முதுகு மட்டும்தான் தெரியும்.

அந்த வாரமே இனயத்து அம்மா எனக்கு போன் செய்தார். "ஒங்க ஆளுவ என் பாத்ரூம்ல வந்து போவுதுவ. எனக்கு ஒண்ணுமில்ல, பாவம் பெண்ணுவதானே. ஆனா நீங்க ஒரு ஓலை மறைப்பாவது கெட்டிக் குடுக்கப்பிடாதா? அந்த ஸ்டெல்லா சொல்லுகா, எங்க என்ஜினியர் கொச்சுகிட்டச் சொன்னேன், அது மறந்துபோச்சுன்னு." அதில் ஒரு பொய்யும் இல்லை. ஸ்டெல்லா அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. மறந்துபோச்சு என்று எனக்காகச் சாக்குத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் எனக்கு முகம் எரிந்தது. வெளியாள் முன்னால் நம் கம்பெனி மானம் போய்விட்டது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். போனது கம்பெனி மானம் இல்லை, என்னுடையது.

மறுநாள் காலை ஜெபத்தில் தாஸ் அண்ணனின் பெயர் சொன்னேன். அடுத்து ஸ்டெல்லா அக்காவின் பெயர் வர வேண்டும். நாக்கு அதைத் தாண்டிப் போனது. யோசித்துச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது, தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. முடித்தபோது எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னவர் ஸ்டெல்லா அக்கா. கண்ணைத் திறந்தேன். அவர் தூக்கை எடுத்துக்கொண்டு, படியில் பால் டம்ளரோடு உட்கார்ந்திருந்த உன் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா படி மக்களே, கேட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவில்லை. உன் அப்பா கேட்டதற்கு, வேலை குறைவு என்றேன். அவ்வளவுதான், வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாளும் வந்தார். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஒருநாள் விட்டுவிட்டு மறுநாள் சொன்னால், நேற்று வேண்டுமென்றே விட்டேன் என்று ஒத்துக்கொண்டதுபோல ஆகிவிடாதா? அந்தக் கணக்கில் அன்றும் விட்டேன். மூன்றாம் நாளும் அப்படியே. நாலாம் நாள் கட்டாயம் சொல்வேன் என்று தீர்மானித்து வைத்திருந்தேன். நாலாம் நாள் அவர் வரவில்லை.

இனி உன் பங்கு. அடுத்த வாரத்தில் எம்-சாண்ட் கொண்டுவந்த லாரி முற்றத்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது, நீ மணல் குவியலில் ஏறினாய். பயத்தில் உன்னை இழுத்துக் கீழே போட்டு ஒரு அடியும் வைத்தேன். அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில், வழக்கம்போல நீ கடைசியில் ஜெபித்தாய். தாத்தாவை ஆசீர்வதியும், பாட்டியை ஆசீர்வதியும், அப்பாவை ஆசீர்வதியும், ஸ்டெல்லா மாமியை ஆசீர்வதியும், நாய்க்குட்டியை ஆசீர்வதியும், ஆமென். பாட்டி சிரித்தார். "லேய், ஒன் அம்மையை எங்க?"

நீ என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "இண்ணைக்கு இல்ல. நாளைக்கு நல்லா இருந்தா சேக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். தாத்தாகூடச் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். பிள்ளை பேசிய பேச்சுக்கு யாராவது அழுவார்களா என்று நீ கேட்கலாம். நீ பேசியதில் உன் சொந்தச் சரக்கு ஒன்றும் இல்லை. தினமும் காலையில் படியில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டே நீ கற்ற பாடம் அது. உனக்கு ஜெபம் கற்றுக்கொடுத்தோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனேன். அதற்குள் இனயத்தில் இரண்டு தகரக் கக்கூஸ் வைக்கச் சொல்லிவிட்டேன். எந்த மாமாவிடமும் கேட்கவில்லை, அதற்கு ஒரு நாளும் ஆகவில்லை. அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். அண்டியாபீஸ் என்று நாம் சொல்கிற முந்திரி ஆலையில் சேர்ந்துவிட்டார். விரல் நுனியெல்லாம் முந்திரித்தோட்டின் கறுப்புக் கறை.

"வா கொச்சே, இரி. சாயா போடட்டா?"

"அக்கா, திங்கக்கிழமை வேலைக்கு வாங்க. இனயத்துல ரெண்டு கக்கூஸ் வச்சாச்சு."

"ரெண்டா!" என்று கையைக் கொட்டினார். "ஒண்ணு கேட்டதுக்கு ரெண்டு. எங்க மாமாக்க கம்பெனியா கொக்கா?" சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கோவமா அக்கா?"

"கோவம் இப்பம் இல்ல. அப்பம் இருந்துது. இல்ல, கோவம்னு சொல்ல முடியாது." அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த மூணு நாளும் எனக்கு ஒறக்கம் இல்ல கொச்சே. என்ன பாவம் செய்தேன்னு தேடித்தேடிப் பாத்தேன். நேர்ச்சை ஒண்ணு பாக்கி உண்டும், அதா? மவளைக் கோவில் வேதபாடத்துக்கு விடல்ல, அதா? கக்கூஸ் கேட்டதுக்காக்கும்னு தோணவே இல்ல பாத்துக்க. பொறவு அந்த வீட்டுக்காரி ஒனக்கு போன் போட்டதைத் தாஸ் சொல்லித்தான் தெரியும். சவத்தெளவு, இதுக்கா நான் முட்டுக்குத்தி அழுதேன்னு ஆயிப்போச்சு."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"அண்டியாபீஸ்ல ஒரு மேனேசர் உண்டு, சரியான சள்ளை. காலத்தே வந்து கத்துவான், 'ஏட்டி, பருப்பெல்லாம் ஒடைஞ்சு கெடக்கே, ஒனக்குக் கண்ணு இல்லியா'ன்னு. நானும் கத்துவேன், 'கண்ணு உண்டும், நீ வெளக்கு போடு'ன்னு. ரெண்டு நாள் சண்டை. பொறவு பல்பு மாட்டினான்." சாயாவை என் கையில் வைத்தார். "அவன்கூடச் சண்டை போடலாம். ஜெபத்துகூட எப்பிடிச் சண்டை போட?"

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "ஒண்ணு சொல்லுகேன், தப்பா நினைக்காத. இனி காலத்தே என் பேரைச் சொல்லாண்டாம். சொன்னியன்னு யாராவது வந்து சொன்னா, எனக்குக் காலு தன்னால அங்க வந்துரும். பதினாலு வருசப் பழக்கமாக்கும்."

மறுநாள் காலையும் மழை. ஆட்கள் நின்றார்கள். நான் ஜெபித்தேன், யார் பெயரையும் சொல்லாமல், எல்லாருக்குமாகச் சேர்த்து. ஆமென் சொன்ன பிறகும் யாரும் அசையவில்லை. என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் படியிறங்கிப் போய், "தாஸ் அண்ணே, இன்னைக்கு உங்களுக்கு வேலை இல்ல. சைட்டுக்கு மணல் வரல்ல" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

"இதை நேத்தே போன்ல சொல்லப்பிடாதா? ரெண்டு பஸ்ஸு மாறி வாறேன். மழையில நனைஞ்சு வந்து நின்னா, இங்க வந்து பாட்டுப் பாடுகா! படிச்ச பிள்ளைக்கு இந்த புத்திகூட வேண்டாமா?"

உன் அப்பா வண்டிச் சாவியைக் கீழே போட்டுவிட்டார். நான், "நாளையிலிருந்து முந்தின நாளே கூப்பிடுகேன் அண்ணே" என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே கேட்டுவரை போய், திரும்பி நின்று, "நாளைக்கு மணல் வருமா, இல்ல அதுவும் ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியுமா?" என்றார். யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். திட்டு வாங்கியும் எனக்கு மூச்சு இலகுவானது. அன்று போனவரின் முகம் எனக்குத் தெரிந்தது.

தாத்தா ஜன்னல் அருகே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். நான் உள்ளே வந்ததும், பேசக் கூடாது என்பதையும் மீறி, காற்றுபோல ஒரு குரலில் கேட்டார்: "மொகத்துக்கு நேரே சொன்னா அவனுக்கு நோவாதா பிள்ளே?"

"நோவும் மாமா. திட்டுவாங்க. திட்டிட்டுப் போகட்டும்."

ஸ்டெல்லா அக்கா முழங்காலில் நின்று அழுததைச் சொன்னேன். அவர் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு, வெளியே ஈரமாகக் கிடந்த முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வயதில், தான் செய்த நன்மை என்று நம்பியிருந்த ஒன்றைத் திருப்பிப் பார்ப்பது எவ்வளவு கனம் என்று இப்போது நினைக்கிறேன். இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் நீ என் பெயரைச் சேர்த்தாய். "அம்மையையும் ஆசீர்வதியும்" என்று போகிறபோக்கில் சொன்னாய். மக்களே, எனக்கு வந்த சந்தோஷம்! கல்யாணமான முதல் வாரம் வந்த அதே அழுகை, அதே நெகிழ்ச்சி. ஆறு வயதுப் பிள்ளையின் காலைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. இரண்டு நாளாக நான் உன்னை ஒன்றுக்கும் கடிந்துகொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நீ கேட்டதெல்லாம் கொடுத்திருந்தேன், மணலில் ஏறவும் விட்டிருந்தேன். நம் ஆட்கள் ஏன் தாத்தாவை இவ்வளவு நேசித்தார்கள், ஏன் யாரும் ஒன்றும் கேட்டதில்லை என்று அன்று எனக்கு விளங்கியது. அது நேசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நேசம்தான். ஆனால் தினமும் காலையில் பறித்துவிடக்கூடிய நேசம்.

திங்கட்கிழமையிலிருந்து தாத்தா பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முற்றத்தில் மறுபடியும் அவர்தான் நிற்பார். பெயர்களைச் சொல்வாரா, எல்லாரையும் சொல்வாரா, பழையபடிதானா, எனக்குத் தெரியாது. பழையபடி என்றால் நான் எழுந்து பேச வேண்டும். பேசுவேனா என்று எனக்கே நிச்சயம் இல்லை. ஆகவேதான் உனக்கு எழுதிவைக்கிறேன். ஒருநாள் அந்த முற்றத்தில், உன் பெயர் எழுதிய இயந்திரத்துக்குப் பக்கத்தில் நீ நிற்க நேர்ந்தால், ஜெபிக்க விரும்பினால் ஜெபி. அதற்குள் வேலையை ஒளித்துவைக்காதே. சொல்ல வேண்டியதைக் கண்ணைத் திறந்து சொல். உன்னைத் திட்ட அவர்களுக்கு இடம் கொடு, திட்டு வாங்கியவர் யாரும் செத்துப்போனதில்லை. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் பெண்களுக்கு ஒரு மறைப்பு வை, அவர்கள் கேட்டு நீ வைக்கும்படி ஆகக் கூடாது. அவர்கள் உன்னை மச்சான் என்றோ மாமா என்றோ கூப்பிட்டால் சந்தோஷப்படு, ஆனால் பயப்படவும் செய். இந்தத் தொழிலே வேண்டாம் என்று நீ போய்விட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை. மனிதர்களோடுதான் இருக்கப்போகிறாய், எங்கே போனாலும் இது உதவும்.

இப்போது தாஸ் அண்ணனை முந்தின நாள் சாயங்காலமே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். இனயத்துத் தகரக் கதவுகள் காற்றில் அடித்துக்கொள்கின்றன. அந்த வயசுப்பிள்ளை இப்போது வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறாள் என்று மற்றப் பெண்கள் கேலி செய்கிறார்கள். கேட்டவர் மட்டும் அங்கே இல்லை.

நீ இன்னும் தினமும் சாயங்காலம், அப்பாவுக்கும் நாய்க்குட்டிக்கும் நடுவில், "ஸ்டெல்லா மாமியை ஆசீர்வதியும்" என்று சொல்கிறாய். அவர் ஏன் இப்போது வருவதில்லை என்று நீ ஒருமுறை கேட்டாய். வேறு வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். அந்தப் பெயரைச் சொல்லாதே என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் பேரைச் சொல்லாண்டாம் என்று என்னிடம்தான் கேட்டுக்கொண்டார், அதனால் நான் சொல்வதில்லை. நீ சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். பிறகு ஆமென் மட்டும் சொல்கிறேன்.

உன் அம்மா